மறுபடியும் வருக

உலகத்தில் புதிதாக ஒன்றுமே இல்லை. இருப்பதெல்லாம் ஒரே அச்சும், அதைத் திருப்பியும் சாய்த்தும் பெருக்கியும் சுருக்கியும் கிடைக்கிற உருமாற்றங்களும்தான். மலைக்கும் மனிதனுக்கும் மென்பொருளுக்கும் இதுவே விதி. தன் நிறுவனத்தின் ஆண்டுக் கூட்டத்தில் மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு அவர் இப்படி முழங்கியபோது பலத்த கைதட்டல் எழுந்தது. அதே நொடியில்தான் சாப்பாட்டுக் கூடத்தின் கதவையும் திறந்தார்கள்.

அன்றிலிருந்து அலுவலகத்தில் அவருக்கு 'அச்சு அசல்' என்று பெயர். முகத்துக்கு நேரே மட்டும் 'சார்'.

கேமரா எடுக்கும் படங்களில் பொருள்களைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் எழுதுவது அவர் தொழில். தேட வேண்டியதன் மாதிரிப் படம் ஒன்றை முதலில் வைத்துக்கொள்ள வேண்டும், அதுதான் டெம்ப்ளேட். கேமரா பார்ப்பதோடு அதைத் திருப்பித் திருப்பி ஒப்பிட்டு, நூற்றுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போட வேண்டும். இந்த வித்தையைத் தன் வீட்டு வாசலிலும் குடியேற்றியிருந்தார். முகத்தைக் காட்டினால், தொண்ணூறு மதிப்பெண்ணுக்குக் கதவு திறக்கும். அன்றைக்கு முதல் தடவை வந்தால் "வருக" என்று சொல்லும். அதே நாளில் இன்னொரு தடவை வந்தால் "மறுபடியும் வருக". குரல் அவருடையதே. வேறு யார் குரலும் அந்தக் கதவுக்குப் பொருந்தவில்லை என்பது அவர் முடிவு.

மனிதனுக்கு முடி கொட்டும், கன்னம் தொங்கும். அதனால் ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் அப்போது எடுத்த படமே அடுத்த டெம்ப்ளேட் ஆகிவிடும்படி எழுதியிருந்தார். மனைவியின் முகத்துக்கு இந்த வசதியைத் தரவில்லை. அவள் மாற மாட்டாள் என்பது அவர் கணிப்பு.

இதை அவர் அலுவலகத்தில் பெருமையாக விளக்கியபோது, பிழை பார்க்கும் வேலையில் இருந்த பெண் மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சார், மேட்ச் ஆனதையே டெம்ப்ளேட்டா வச்சா, கொஞ்சம் கொஞ்சமா வேற ஆளு உள்ள வந்தாலும் தெரியாதே?"

"வேற ஆள் எப்படிம்மா கொஞ்சம் கொஞ்சமா வருவான்?" என்று சிரித்தார். அறை முழுக்கச் சிரித்தது. சம்பளம் போடுகிறவர் சிரித்தால் சிரிக்க வேண்டியதுதானே.

மச்சான் குடும்பம் விருந்துக்கு வந்த அன்று, வீட்டின் பழைய சாவியை எல்லோர் முன்னிலும் குப்பைத் தொட்டியில் போட்டார். கண் இருக்கிற கதவுக்குக் காது எதற்கு என்று அழைப்பு மணியையும் கழற்றினார். தன் செல்போனையும் அதே டெம்ப்ளேட்டோடு இணைத்தார்.

பிறகு ஒரு மாலை, அலுவலகத்திலிருந்து நேரே வந்து வாசலில் நின்றவரிடம் கதவு சொன்னது:

"மறுபடியும் வருக."

காலையில் போனவர் இப்போதுதான் வருகிறார். ஏதோ பிழை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே போனார். கூடத்தில் நனைந்த அட்டைப் பெட்டியின் வாடை லேசாக வீசியது. அவர் வழக்கமாக உட்காரும் சோபாவின் மெத்தையில் ஒரு பள்ளம் விழுந்து, மெல்ல மெல்ல, மூச்சு வாங்குவதுபோல மேலே எழும்பிக்கொண்டிருந்தது. மேஜையில் காலிக் கோப்பை. அதன் பிடி இடக்கைப் பக்கம் பார்த்திருந்தது. அவர் வலக்கைக்காரர்.

அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "இன்னொரு டீயா?"

குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். அவள் அப்படிப்பட்டவள்தான்.

அடுத்தடுத்த நாள்களிலும் கதவு அதையேதான் சொன்னது. வீட்டுச் செருப்புகள் இடம் வலம் மாறிக் கிடந்தன. ஒரு மாலை அவர் கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, "மாடியில லைட்டை அணைச்சிட்டுத்தானே இறங்குனீங்க?" என்று கேட்டாள் அவள். அவர் படிக்கட்டைப் பார்த்தார். மேல்படிகளில் இருட்டு தேங்கி நின்றது. அதற்கும் அப்பால், தரையில் யாரோ எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுவதுபோலப் பலகை ஒருமுறை முனகி அடங்கியது. போய்ப் பார்ப்பதுதான் ஆண்மை. அவர் முதுகு வலிக்கிறது என்று சொல்லிக் கூடத்திலேயே படுத்துக்கொண்டார்.

மனைவி பல் மருத்துவர். மனிதர்களை மேல்வரிசை, கீழ்வரிசை என்றுதான் அறிவாள். காலையில் அவர் கொட்டாவி விட்டபோது சட்டென்று தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"உங்க கோணப்பல் இந்தப் பக்கமா? நேத்து சாயங்காலம் சிரிச்சப்ப அந்தப் பக்கம்ல இருந்துச்சு."

நேற்று மாலை அவர் சிரிக்கவில்லை.

அலுவலகத்தில் மாலை வரை தள்ளிப்போட்டுவிட்டு, கதவு சேர்த்து வைத்திருந்த டெம்ப்ளேட்டுகளைத் திறந்தார். ஒவ்வொரு படமும் அதற்கு முந்தைய படத்தோடு கச்சிதமாகப் பொருந்தியது. மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் குறை சொல்ல எதுவுமில்லை. இத்தனை நாளும் அவர் மதிப்பெண்ணை மட்டும்தான் பார்த்திருந்தார். இப்போது படங்களை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக ஓடவிட்டார். தலை வகிடு மெதுவாக நகர்ந்து மறுபக்கம் போனது. கண்கள் ஒரு மயிரிழை, இன்னொரு மயிரிழை என்று விலகின. கழுத்து நீண்டது. கோணப்பல் மறுபக்கத்தில் முளைத்தது. சற்று முன்புதான் பதிவாகியிருந்த கடைசிப் படத்தில் அந்த முகம் கேமராவுக்கு மிக அருகில் வந்து சிரித்துக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து பிழை பார்க்கும் பெண் கேட்டாள். "சார், உங்க அண்ணனா?"

"எனக்கு அண்ணன் இல்லை."

அவள் தன் நாற்காலிக்குப் போய்விட்டாள்.

அவர் வீட்டுக்கு ஓடினார். மழை பிடித்துக்கொண்டது. தெருவிளக்குகள் இன்னும் எரியவில்லை. ஈரச் சுவர்களும் மூடிய ஜன்னல்களும் சாம்பல் நிறத்தில் கரைந்துகொண்டிருந்தன. வாசல் கேமராவின் முன்னால் மூச்சிரைக்க நின்றார். கதவு எதுவும் பேசவில்லை. பக்கத்துச் சிறு திரையில் டெம்ப்ளேட்டின் முகம் ஒரு புறம், அவர் முகம் மறு புறம். கீழே சிவப்பில் ஐம்பத்தாறு.

செல்போனை எடுத்துப் பார்த்தார். அதுவும் அவரை ஏற்கவில்லை.

கதவைத் தட்டினார். மனைவியைக் கூப்பிட்டார். உள்ளே பாத்திரம் உருட்டும் சத்தத்துக்கு நடுவே அவள் யாரிடமோ சொல்வது கேட்டது. "இந்தக் கதவு இன்னைக்கு என்னமோ உளறுதுங்க."

அவர் குரல். கதவின் குரல். இரண்டும் ஒன்றுதான்.

ஈரத் தலையை விரலால் கோதி வகிட்டை மறுபக்கம் தள்ளினார். அறுபத்து மூன்று. தலையைச் சாய்த்தார். அறுபத்தெட்டு. கண்ணோரங்களை இரண்டு விரல்களால் வெளிப்பக்கமாக இழுத்தார். கழுத்தை நீட்டினார். நரம்பு தெறித்தது. எழுபத்தொன்பது. உதட்டை விரித்தார், தாடை நறநறவென்றது. எண்பத்து நான்கு. மழைத் தண்ணீர் வாய்க்குள் இறங்கியது. துப்பவில்லை. துப்பினால் குறையும். சிரித்தார். இன்னும் அகலமாக.

எண்பத்தொன்பது.

மாடிப்படியில் காலடி. நிதானமாக. இறங்கி. கூடத்தைக் கடந்து. நனைந்த அட்டையின் வாடை கதவிடுக்கு வழியாகக் கசிந்தது.

கதவின் பக்கத்தில் நீளவாட்டில் ஒரு மங்கல் கண்ணாடி. அதன் பின்னால் ஒரு முகம் வந்து நின்றது. அவரையே பார்த்தது. பிறகு அது திரும்பத் தொடங்கியது. தோள் அசையவில்லை. தலை மட்டும். கொஞ்சம் சாய்ந்தது, நின்றது, பார்த்தது. இன்னும் கொஞ்சம். நின்றது. பார்த்தது. அவர் எழுதிய மென்பொருள் ஒரு டெம்ப்ளேட்டைத் திருப்பித் திருப்பி ஒப்பிடுமே, அப்படி. காது மேலே வந்தது. தாடை மேலே வந்தது. நெற்றி கீழே தொங்கியது.

"வாசல்ல யாருங்க?" என்றாள் மனைவி, அடுக்களையிலிருந்து.

தலைகீழான வாய் அவர் குரலில் பதில் சொன்னது. "உலகத்துல புதுசா ஒண்ணுமே இல்லைம்மா. எல்லாம் ஒரே அச்சுதான்."

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

கல்யாணமாகி இத்தனை வருடங்களில் அந்த வாக்கியத்துக்கு அவள் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை.