புகைக்கொட்டகையில் இருமுகிறவர்கள்

அன்று காலை புகைக்கொட்டகையின் உச்சித் தட்டிலிருந்து இறக்கிய ரப்பர் ஷீட்டில் ஒரு கை பதிந்திருந்தது. ஐந்து விரலும் உள்ளங்கையும் தெளிவாக, பிசைந்த மாவில் யாரோ அழுத்தி எடுத்ததைப் போல இருந்தது. ஷீட்டு ஈரமாக இருக்கும்போதுதான் இப்படிப் பதியும். காய்ந்து பழுப்பேறிவிட்டால் ஏறி மிதித்தாலும் பதியாது. நேற்று கம்பில் போடும்போது அடுப்பெரிக்கிற சன்னாசி ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்துத்தான் போட்டான். அப்போது இதில் ஒன்றும் இல்லை.

தோட்டத்துக் கணக்கெழுதும் ஸ்டானிஸ்லாஸ் கிராணி புகைக்கொட்டகை வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். நீலகிரித் தைலம் நனைத்த கைக்குட்டை மூக்கைவிட்டு இறங்கவில்லை.

"என்னாடா இது?"

"தெரியலீங்கய்யா. மேத்தட்டுக்கு நான் ஒருத்தந்தான் ஏறுறது. என் கையப் பாருங்க, எம்மாம் பெரிசு. இது பொம்பளை கை."

"எவ கையா இருந்தா என்னா? அத அறுத்துப் போட்டுட்டு மிச்சத்தக் கட்டு. நாளைக்கு விடியறப்ப வண்டி ஈப்போவுக்குப் போயாவணும். துரை கத்துறாரு."

துரை கத்துவது உண்மைதான். காய்ச்சல் திரும்பி வந்த நாளிலிருந்து வேறெதுவும் அவர் செய்வதில்லை. பங்களாவைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூளைக் கொட்டிக்கொண்டு, வராந்தாவில் நின்றபடியே கத்திக் கத்தி வேலை வாங்கினார். பெரிய சண்டை முடிகிற சமயத்தில் வந்து கூலியாட்கள் குடியிருக்கும் லயங்களைத் துடைத்துப்போட்ட அதே விஷக்காய்ச்சல், இரண்டு வருஷம் எங்கோ போய் இளைப்பாறிவிட்டு இப்போது மறுபடி வந்திருந்தது. விடியற்காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்குப் பாதி ஆள்கூட வருவதில்லை. மரங்களில் வெட்டுப்பட்ட இடம் கறுத்துக் கிடந்தது. ஆனால் ரப்பருக்கு வெளியே நல்ல விலை. காய்ச்சல் பரவாமலிருக்க, பத்து காஜா ஊருக்குப் போகும் ரோட்டில் தோட்டத்து ஆள் யாரும் கால் வைக்கக்கூடாது என்று வாசலில் மூங்கிலைக் குறுக்கே கட்டினார்கள். தடை ஆளுக்குத்தான், ஷீட்டுக்கு இல்லை.

பால்வெட்டப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற ஆயாக்கொட்டகையைக் காய்ச்சல்காரர்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். தொங்கிய தூளிகளைக்கூட யாரும் அவிழ்க்கவில்லை. அவற்றுக்குக் கீழே வரிசையாகப் பாய். லயத்தில் எவராவது இருமினால் போதும், மருந்து கொடுக்கும் டிரசரும் காவல்காரனும் வந்து கூட்டிப்போனார்கள். போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து சட்டியில் சோறு வைக்கவில்லை.

விறகு வெட்டுகிறவர்களும் படுத்துவிட்டார்கள். புகைக்கொட்டகை அடுப்போ அணையக்கூடாது. செத்தவர்களின் பாயையும் துணியையும் எரித்துவிட வேண்டும் என்று டிரசர் சொன்னபோது, கிராணிக்கு உடனே புத்தி வேலை செய்தது. எப்படியும் எரிக்கத்தானே போகிறோம், அதைச் சன்னாசியின் அடுப்பில் எரித்தால் என்ன? அன்றிலிருந்து விறகோடு விறகாக அவையும் வந்தன. புடவையும் வேட்டியும் தலையணைப் பஞ்சும் எரிந்த புகை, வெளியடுப்பிலிருந்து தரைக்கடியில் போகும் சுரங்கத்தின் வழியாக உள்ளே போய், ஷீட்டுகளை மெல்ல மெல்லப் பொன்னிறமாக்கியது. சன்னாசிதான் கழியால் தள்ளினான். தள்ளாமல் என்ன செய்வான்?

அன்று பால் வாளியோடு திரும்பிய அவன் பெண்டாட்டி காளியம்மா லயத்துக்குப் போகாமல் நேரே அவனிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது. முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, நெஞ்சுக்குள்ள என்னமோ பிராண்டுது. காலையிலேர்ந்து அடக்கி அடக்கி வெச்சிருக்கேன். இனிமே முடியாது."

சன்னாசிக்கு இந்த மண்ணில் அவளைத் தவிர யாரும் இல்லை. ஊரிலும் இல்லை. அவளை அந்தத் தூளிகளுக்குக் கீழே படுக்க வைத்துவிட்டு வந்து யாருக்காக அடுப்பெரிப்பது?

"டிரசர் கண்ணுல படாத. வா என்னோட."

"எங்க?"

"உள்ள."

அவன் கணக்கு இதுதான். புகை படாத ஷீட்டில் பூஞ்சணம் பூக்கும், பட்டதில் பூக்காது. போன தடவை லயம் லயமாகச் செத்தபோது, புகைக்கொட்டகையில் நின்றவர்களை மட்டும் காய்ச்சல் தொடவில்லை. ஷீட்டைக் காப்பாற்றுகிற புகை நெஞ்சைக் காப்பாற்றாதா? அதோடு, அங்கே யார் இருமினாலும் எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். புகைக்கொட்டகை என்றால் இருமல்தானே.

ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து அவளை உள்ளே அழைத்துப்போனான். புளித்த பாலும் கரியும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. தலைக்குமேல் தட்டுத் தட்டாக ஷீட்டுகள் அசையாமல் தொங்கின. பின்சுவரின் மூலையில் சாக்கு விரித்து, பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் வைத்தான். அங்கே பலகையில் ஒரு வெடிப்பு. புகை மேலேதான் ஏறும், தரையோடு படுத்தால் வெடிப்பு வழியாக வெளிக்காற்று கிடைக்கும். முன்வரிசை ஷீட்டுகளை நெருக்கித் தொங்கவிட்டு அவளை மறைத்தான்.

"சாயந்தரம் கிராணி கதவப் பூட்டி சாவிய எடுத்துட்டுப் போயிருவாரு. நான் வெளிய அடுப்புக்கிட்டத்தான் இருப்பேன். பலகையில ரெண்டு தட்டு தட்டுவேன். நீ இருமு. அது போதும் எனக்கு."

காளியம்மாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. "இருமக்கூடாதுன்னு பயந்துகிட்டு வந்தா, நீ இருமச் சொல்லுற."

பொழுது சாயும்போது கிராணி வந்தார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை, கைக்குட்டையை எடுக்காமலேயே பூட்டினார். அவர் தலை மறைந்ததும் சன்னாசி பின்பக்கம் ஓடிப்போய்த் தட்டினான். வறண்ட, சின்ன இருமல் கேட்டது. அவனுக்கு உயிர் வந்தது.

சற்று நேரத்தில் தள்ளுவண்டியில் ஒரு மூட்டை வந்து இறங்கியது. கொண்டுவந்தவன் அதைக் கவிழ்த்துவிட்டுப் போனான். பாய்கள், ஒரு கம்பளி, இரண்டு தூளித் துணி, கடைசியாக மஞ்சள் கரை போட்ட ஒரு பச்சைப் புடவை. சன்னாசிக்கு அந்தப் புடவையைத் தெரியும். அடுத்த வாசல் கருப்பம்மாளுடையது. தீமிதிக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு வந்தாள். நேற்றுத்தான் கூட்டிப்போனார்கள். அதற்குள்ளா? மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடியே கழியால் உள்ளே தள்ளினான். புடவை ஒரு நிமிஷம் உப்பி எழுந்து, பிறகு அடங்கிப் பற்றியது. புகை வெளியே வராமல் சுரங்கத்துக்குள் வழிந்து போனது.

மறுபடி தட்டினான். காளியம்மா இருமினாள். வெடிப்பில் காதை வைத்தான். அவள் குரல் மெலிந்து வந்தது.

"மாமா, ஏன் சொல்லல?"

"என்னா சொல்லல?"

"கருப்பம்மா அக்காவயும் இங்கதான் வெச்சிருக்கேன்னு. பாவம், அது மேல படுத்துருக்கு. எறங்க மாட்டேங்குது."

அவன் வெடிப்பிலிருந்து காதை எடுத்தான். காய்ச்சல் வேகம், என்னமோ பிதற்றுகிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தண்ணீர் குடிக்கச் சொன்னான். குடித்தாளா என்று தெரியவில்லை.

பிறகு அவன் தட்டாமலேயே உள்ளே ஓர் இருமல் கேட்டது. அது பின்மூலையிலிருந்து வரவில்லை. மேலே, உச்சித் தட்டில், கூரைக்குச் சற்றுக் கீழே. நீளமாக இருமி, கடைசியில் மெல்லிய விசிலாக முடிந்தது. பக்கத்து வாசலில் எத்தனையோ விடியற்காலைகளில் அவன் கேட்டுக் கேட்டுப் பழகிய இருமல் அது. அந்த விசிலை அவன் எங்கே கேட்டாலும் தெரிந்துகொள்வான்.

கிராணி வீட்டுக்கு ஓடலாம் என்று இரண்டு அடி வைத்தான். சாவி வாங்கலாம். வாங்கி? கதவு திறந்ததும் டிரசர் வருவார். அவளைத் தூளிக்குக் கீழே கிடத்துவார்கள். நாளை இரவு அவள் புடவையையும் இதே வண்டியில் கொண்டுவந்து கவிழ்ப்பார்கள், அதைத் தள்ளுவதும் அவன் கையாகத்தான் இருக்கும். இந்த ஓர் இரவு போகட்டும், புகை நன்றாக ஏறட்டும், காலையில் தெளிந்துவிடுவாள். அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான். அந்த இரண்டு அடியை மூன்றாக்கியிருக்கலாம். ஆக்கவில்லை.

கிராணி விளக்கோடு வந்து தூரத்தில் நின்று கூப்பிட்டார். "இன்னும் காயலன்னா வெள்ளக்காரன் என் தலையத்தான் உருட்டுவான். நல்லா எரிடா!"

எரித்தான். மீதியிருந்த பாய்களைப் போட்டான். தூளித் துணிகளைப் போட்டான்.

தட்டினான். இருமல்.

கொஞ்சம் பொறுத்துத் தட்டினான். இருமல். ஆனால் வெடிப்புக்குப் பக்கத்தில் இல்லை. சற்று உயரத்தில். எழுந்து உட்கார்ந்திருப்பாள். தெம்பு வந்திருக்கும்.

"காளி? பேசு புள்ள."

பேச்சு இல்லை. தட்டினான். இருமல். இன்னும் உயரத்தில். அதோடு சேர்ந்து விசில். அதோடு சேர்ந்து ஒரு கிழவனின் கரகரப்பு. பிறகு மிகச் சின்னதாக ஒன்று. பிள்ளை இருமல். தூளியில் கிடக்கிற பிள்ளையுடையது.

அவன் கழியைக் கீழே போட்டான். பிறகு எடுத்துத் தட்டினான். தட்டாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் முதலில் இருமியது அவள்தான். அவள் இருமுகிற வரைக்கும் அவள் இருக்கிறாள். மற்றவர்கள் யாராக இருந்தால் என்ன. அவள் இருக்கிறாள். தட்டினான். இருக்கிறாள். தட்டினான். இருக்கிறாள். உள்ளே ஷீட்டுகள் ஒன்றோடொன்று உரசின. காற்றே இல்லை. பலகையின் மறுபக்கம் எதுவோ தடவித் தடவி நகர்ந்தது. மேலிருந்து கீழே. கீழிருந்து மேலே.

தட்டினான்.

பெரட்டு மணி அடிக்கும்போது கிராணி சாவியோடு வந்தார். பெட்டி அடிக்கிறவர்களும் டிரசரும் கூட வந்தார்கள். கதவைத் திறந்ததும் சன்னாசி எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு பின்மூலைக்குப் போனான்.

காளியம்மா அவன் விட்டுப்போன இடத்திலேயே கிடந்தாள். வெடிப்பைப் பார்த்து ஒருக்களித்து, தண்ணீர் தொடாமல். முகத்தில் படிந்த புகை பொன்னிறமாக மினுக்கியது. அவள் கையைத் தூக்கினான். அது மடங்கவில்லை.

டிரசர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இது இப்ப போன உசுரு இல்ல. நேத்து விளக்கு வைக்கிற நேரத்துக்கே போயிருக்கு."

"இல்லீங்க," என்றான் சன்னாசி. "விடிய விடிய எங்கிட்ட இருமுனா."

மற்றவர்கள் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உச்சித் தட்டிலிருந்து அடித்தட்டு வரை, தொங்கிய ஷீட்டுகளிலெல்லாம் கைகள் பதிந்திருந்தன. பெரிய கை, சுருங்கிய கை, சுண்டு விரல் இல்லாத கை, காசளவு பிள்ளைக் கை. முன்வரிசையில், கண்ணுக்கு நேரே, பால்வெட்டும் கத்தி பட்டுக் கட்டைவிரலில் தழும்பு விழுந்த கை. அந்தத் தழும்புக்கு மஞ்சள் வைத்துக் கட்டியவன் சன்னாசி.

கிராணி வாசலுக்குப் பின்வாங்கினார். "அறுக்கல்லாம் நேரமில்ல. அப்படியே பெட்டியில போட்டு அடிங்க. ஈப்போவுல எவன் பிரிச்சுப் பாக்கப்போறான்? இந்தப் பொம்பளைய ஆயாக்கொட்டகை வாசல்ல வெச்சிரு. அங்கயே செத்ததா இருக்கட்டும்."

அப்படியே செய்தார்கள். அவளை எங்கே எடுத்துப்போனார்கள் என்றுகூட சன்னாசி பார்க்கவில்லை. தழும்புக் கை இருந்த ஷீட்டு எந்தப் பெட்டிக்குள் போகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். ஆணி அடித்து, மாட்டுவண்டியில் அடுக்கி, கயிறு இறுக்கினார்கள். வண்டிக்காரன் பேர் பத்துமலை, தோட்டத்து ஆள் இல்லை, பத்து காஜாக்காரன். அவன் தொண்டையைச் செருமித் துப்பினான். "என்னாண்ணே, இன்னிக்குப் புகை நெடி இம்மாந் தூக்கலா இருக்கு. கரகரங்குது."

சன்னாசி வண்டியருகே போனான். அந்தப் பெட்டியில் விரலை மடக்கி இரண்டு தட்டு தட்டினான்.

உள்ளிருந்து வறண்ட, சின்ன இருமல் வந்தது.

"நிறுத்துங்க! காளி உள்ள இருக்கா!" என்று கத்த வாயைத் திறந்தான். கத்தல் வரவில்லை. நெஞ்சுக்குள் எதுவோ பிராண்டியது. வந்தது இருமல்தான், அவனால் நிறுத்த முடியாத இருமல். சுற்றி நின்றவர்கள் ஒரே நொடியில் விலகினார்கள். கிராணி கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு டிரசரைப் பார்த்தார். காவல்காரன் மூங்கில் கழியை எடுத்து, கை படாமல், அவனை ஆயாக்கொட்டகைப் பக்கம் நெட்டினான்.

வாசலில் குறுக்கு மூங்கிலைத் தூக்கினார்கள். வண்டி அசைந்து ரோட்டில் ஏறியது. சன்னாசி இருமினான். வண்டியிலிருந்து காளியம்மா பதிலுக்கு இருமினாள். அவளுக்குப் பக்கத்துப் பெட்டியில் விசிலோடு ஒன்று. அதற்கடுத்த பெட்டியில் பிள்ளை ஒன்று. பிறகு எல்லாப் பெட்டிகளும். முன்னால் உட்கார்ந்திருந்த பத்துமலை முதுகு குலுங்க ஒரு தடவை இருமிவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, ஈப்போவைப் பார்த்து மாடுகளை விரட்டினான்.