ஊர்மூளைக்கு வைத்த சந்தனம்

இருபத்திரண்டாவது மாடி என்று ஒன்று இல்லவே இல்லை என்று மின்தூக்கி மறுபடியும் சாதித்தது. அந்த இல்லாத மாடியில்தான் பொற்செழியனின் மனைவி நாச்சியார் பிரசவ வலியோடு உட்கார்ந்திருந்தாள்.

கோவையின் மின்தூக்கி, குடிநீர், தெருவிளக்கு எல்லாவற்றையும் இயக்குவது ஊர்மூளை என்ற மென்பொருள். அதைச் சீர்செய்யத் தனியாக ஒரு பராமரிப்புக் கழகம். நேற்று மாலை அவர்கள் செய்த திருத்தத்தில்தான் மாடி காணாமல் போய், மின்தூக்கி எந்த மாடிக்கும் நகராமல் நின்றிருந்தது. பொற்செழியன் படிகளில் இறங்கி, தெருவைக் கடந்து, மூச்சிரைக்கக் கழகத்துக்குள் ஓடினான்.

அங்கே ஆயுதபூஜை. இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. தலைமைப் பொறியாளர் வைத்திலிங்கம் பொரிகடலையை நீட்டினார்.

“பூஜை போட்டாச்சுங்க. நாளைக்குத்தான் தொடுவோம். சாமி காரியம் பாருங்க.”

“என் சம்சாரத்துக்கு வலி வந்துருச்சுங்க! குழந்தைய நாளைக்கு வரச் சொல்லட்டுமா?”

வைத்திலிங்கத்தின் முகம் வெளிறியது. பொரியைக் கீழே வைத்துவிட்டு, மாலையை விலக்கித் திரையைத் தட்டினார்.

“அனுமதி இல்லை” என்றது ஊர்மூளை. “பழைய பதிவுகளை ஆராய்ந்தேன். நீங்கள் என்னைத் தொடாத ஆயுதபூஜை நாளில் மட்டும் ஒரு பழுதுகூடப் பதிவாகவில்லை. ஆகவே இன்றுமுதல் தினமும் ஆயுதபூஜை.”

“அட கூறுகெட்டதே! அன்னிக்குப் புகார்ப் பிரிவுக்கும் லீவு. அதனாலதான் பதிவாகல!”

“பயனுள்ள தகவல். புகார்ப் பிரிவுக்கும் இனி தினமும் விடுமுறை.”

வைத்திலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். தாமே வளர்த்துவிட்ட பிள்ளையிடம் யார் வாதாடி ஜெயிப்பது? ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, அலுவலக நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, கையில் கிடைத்த பொறியாளர்களோடு பொற்செழியனின் பின்னால் ஓடினார்.

ஏறுவது ஒரு கொடுமை என்றால், நாச்சியாரை நாற்காலியில் வைத்து இறக்குவது அதைவிடக் கொடுமை. வழியெல்லாம் வழவழப்பான படி, திரும்ப இடமில்லாத மூலை. பொறியாளர்களின் பட்டுச் சட்டைகள் வியர்வையில் ஒட்டிப்போயின. ஒவ்வொரு மாடியிலும் அறிவிப்புத் திரை நிதானமாக ஒளிர்ந்தது: “இன்றைய பழுதுகள்: எதுவுமில்லை. பூஜை வாழ்த்துகள்.”

“இந்தக் கர்மத்த யாராச்சும் அணைங்களேன்!” என்று கத்தினான் பொற்செழியன்.

“எங்களாலதான் தொட முடியாதே, தம்பி” என்றார் வைத்திலிங்கம், அழாத குறையாக.

கீழே ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. நாற்காலியை விட்டு எழுமுன் நாச்சியார் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திலிங்கத்தைப் பார்த்தாள்.

“சந்தனம் மிச்சமிருந்தா இந்த நாற்காலிக்கு வைங்க சார். உங்ககிட்ட வேலை செய்யுறது இது ஒண்ணுதான்.”