வழியனுப்பின பார்சல்

ஆளும் கடக்கவில்லை, பெட்டியும் கடக்கவில்லை. ஆனால் மூன்றாம் வாசல் ‘பீப்’ என்று ஒருமுறை கத்திவிட்டு அடங்கியது.

பெருக்கிக்கொண்டிருந்த இன்ஜா துடைப்பத்தை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். வோன்ஜு நகருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்துப் பார்சல் கொட்டகை அது. விடிந்தால் புத்தாண்டு. மதியத்துக்குள் பெட்டிகள் எல்லாம் லாரி ஏறிவிட்டன, ஏற்றியவர்களும் பஸ் ஏறிவிட்டார்கள். கூரைக் கண்ணாடியைப் பனி மூடிக்கொண்டதால் பட்டப்பகலிலேயே உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல் இறங்கியிருந்தது. ஈர அட்டை, பசை நாடா, எங்கோ உடைந்து கசிந்த கிம்ச்சி ஊறுகாயின் புளிப்பு, கருவாட்டு வாடை, இவையெல்லாம் கூட்டமும் கூச்சலுமாய் இருக்கும்போது மூக்குக்கு எட்டாமல் கிடந்துவிட்டு, ஆள் நடமாட்டம் ஓய்ந்த பிறகு மெல்ல எழுந்து வந்து அவளைச் சுற்றி நின்றன.

ஒவ்வொரு பெட்டியிலும் தபால்தலை அளவில் ஒரு டேக் ஒட்டியிருப்பார்கள். காகிதத்துக்குள் தலைமுடி கனத்தில் செம்பு இழை ஒன்று சுருண்டு கிடக்கும். வாசல் சட்டத்தின் ரேடியோ அலை பட்டதும் அது ‘நான் இங்கே’ என்று பதில் சொல்லும். வாசல் கத்தும், திரையில் எண்ணிக்கை மாறும். கண் தப்பினாலும் டேக் தப்பாது என்று சூப்பர்வைசர் மேங் பீற்றிக்கொள்வான்.

திரையில் எழுதியிருந்தது: கொட்டகையில் மிச்சம், ஒன்று.

அந்த ஒன்றைத்தான் காலையிலிருந்து தேடியாகிவிட்டது. அது கணக்கில் தீராமல் கொட்டகையை மூட முடியாது. மூடாமல் அவள் வீட்டுக்குப் போக முடியாது. கடைசி பஸ் இன்னும் சற்று நேரத்தில் சாலை முனைக்கு வந்துவிடும்.

மற்ற வருடமாயிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். இந்த வருடம் சோரா வருகிறாள். தனக்குப் பிடிக்காத பையனைக் கட்டிக்கொண்டாள் என்று மகளை வாசலோடு திருப்பி அனுப்பியவள் இன்ஜா. அதன்பின் மகள் வரவில்லை, பிறந்த பேத்தியையும் கண்ணில் காட்டவில்லை. போன வாரம் தானாகவே போன் செய்தாள். “வரேம்மா. ஆனா ஒண்ணு, நாங்க வரும்போது நீ வீட்ல இருக்கணும். வேலை அது இதுன்னு சொன்னே, அப்படியே திரும்பிடுவேன்.” இருப்பேன்டி, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பேன் என்று இன்ஜா சத்தியம் செய்திருந்தாள்.

மேங்கைப் போனில் பிடித்தாள். மாமியார் வீட்டில் உட்கார்ந்திருந்தான்; பின்னால் சீட்டாட்டச் சிரிப்பு.

“அக்கா, நல்லாத் தேடினீங்களா?”

“எலிப்பொந்து வரைக்கும் தேடியாச்சு தம்பி. வாசல் வேற சும்மா சும்மா கத்துது.”

“அப்ப வழியனுப்பி வெச்சிடுங்க. லீவு முடிஞ்சு வந்து பாத்துக்கலாம்.”

கொட்டகையில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை அது. பெட்டி தொலைந்தால் அதன் டேக்குக்கு ஒரு நகல் எடுத்து, தன் மார்பில் ஒட்டிக்கொண்டு யாராவது வெளிவாசலைத் தாண்டிப்போவார்கள். வாசலுக்குப் பெட்டியும் ஒன்றுதான், ஆளும் ஒன்றுதான். பார்சல் கிளம்பிவிட்டது என்று எழுதிக்கொள்ளும். கணக்கு தீர்ந்துவிடும்.

“பேரும் அட்ரஸும் காலியா இருக்கு. மெஷின் ஏத்துக்காது போலிருக்கே?”

“உங்க பேரு, உங்க அட்ரஸப் போடுங்க. எல்லாரும் அதத்தானே செய்றாங்க? காத்தா வந்து உங்க வீட்டுக் கதவத் தட்டப்போகுது? போன வருஷம் சுன்ரே அக்காகூட அப்படித்தான் முடிச்சிட்டுப் போனாங்க.”

“போனவ திரும்பி வரவே இல்லியே.”

“வேற நல்ல வேலை கெடச்சிருக்கும். இங்க யாரு சொல்லிட்டுப் போறாங்க? புத்தாண்டு வாழ்த்துக்கா, பஸ்ஸ விட்றாதீங்க.”

சுன்ரே தோள்வலிக்காரி. எந்நேரமும் கழுத்திலும் தோளிலும் வலிப் பட்டை ஒட்டிக்கொண்டு திரிவாள். அவள் வருவதற்கு முன்னால் அந்தப் பச்சைக்கற்பூர வாடை வரும். ஊர் கிளம்புகிறேன் என்று கையசைத்ததுதான் கடைசி. இன்ஜா இதை நினைத்தபடியே தன் பெயரையும் வீட்டு விலாசத்தையும் தட்டினாள். மெஷின் ஒரு டேக்கைத் துப்பியது. அதை உரித்துச் சட்டைக்குமேல், காறையெலும்புக்குக் கீழே ஒட்டிக்கொண்டாள். பனிக்கட்டி வைத்ததுபோல் சில்லென்றிருந்தது.

வெளிவாசலைத் தாண்டி லாரி மேடையில் கால் வைத்தாள். ‘பீப்’. திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். மிச்சம் ஒன்றுமில்லை. அப்பாடா என்று துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மேல்கோட்டை எடுத்தாள்.

முதுகுக்குப் பின்னால் மூன்றாம் வாசல் கத்தியது.

கூண்டு வண்டி ஒன்று, எண்ணெய் காணாத சக்கரம் கீச்சிட, மெல்ல உருண்டு வந்து வாசலுக்கு நடுவில் நின்றது. தரை அங்கே சமதளம், உருண்டு வர வழியே இல்லை. கூண்டுக்குள் ஒரே ஒரு பெட்டி. பெரிய பெட்டி, ஓரங்கள் ஊறிப்போய்ப் பிதுங்கியிருந்தன. மேலே ஒட்டியிருந்த சீட்டில் மை கரைந்து பேரும் ஊரும் அழிந்துவிட்டன. அதன்மேல் சிவப்பு முத்திரை மட்டும் தெளிவாய்த் தெரிந்தது. வாங்க ஆளில்லை, திருப்பப்பட்டது. தேதி போன வருடத்துப் புத்தாண்டு.

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டதே என்று நொந்துகொண்டு இன்ஜா பக்கத்தில் போனாள். பாதி தூரத்திலேயே கால் நின்றுவிட்டது.

பச்சைக்கற்பூர வாடை.

வலிப் பட்டையின் வாடை. கெட்டியாக, ஈரமாக, நாள்பட்டு.

“சுன்ரே?” என்றாள். ஏன் கேட்டோம் என்று அவளுக்கே புரியவில்லை.

பெட்டிக்குள்ளிருந்து யாரோ இரண்டு முறை தட்டினார்கள். அவசரமில்லாமல். தட்டித் தட்டி அலுத்துப்போன தட்டு.

இன்ஜா ஓடினாள். பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்ற நினைப்பே அவளுக்கு எழவில்லை, பயம் அவ்வளவு முற்றாகப் பிடித்துக்கொண்டது. ஊழியர் கதவில் அடையாள அட்டையைக் காட்டினாள். சிவப்பு விளக்கு. மறுபடி காட்டினாள். சிவப்பு. கதவின் சின்னத் திரையில் ஒரு வரி ஓடியது. ‘சரக்கை இந்த வழியே கொண்டுசெல்லக் கூடாது.’

லாரி மேடைப் பக்கம் திரும்பினாள். வெளிவாசலின் இரும்புத் திரை கடகடவென்று இறங்கித் தரையைத் தொட்டது. கணக்கு தீர்ந்ததும் தானாக மூடிக்கொள்ளும் ஏற்பாடு.

பிறகு விளக்குகள் அணைய ஆரம்பித்தன. ஆள் நடமாடினால் எரியும், நடமாட்டம் நின்றால் அணையும் விளக்குகள். தூரத்து வரிசை முதலில். பிறகு அடுத்தது. இன்ஜா கையை ஆட்டினாள், குதித்தாள், மேல்கோட்டைத் தலைக்குமேல் சுழற்றினாள். விளக்குகளுக்கு அவள் தெரியவில்லை. தலைக்கு மேலிருந்த கடைசி விளக்கும் கண்ணை மூடிக்கொண்டது.

பையிலிருந்த போன் ஒலித்தது. சோரா. பச்சைப் பொத்தானை விரலால் இழுத்தாள். நகரவில்லை. கட்டைவிரலால் இழுத்தாள், நாக்கால் நக்கிக்கூடப் பார்த்தாள். அட்டையால் தேய்த்ததுபோல் கண்ணாடி மசியாமல் கிடந்தது. மகளின் சிரித்த படம் ஒலித்து ஒலித்து ஓய்ந்தது. அதே திரையில் ஒரு செய்தி விழுந்தது.

‘இன்ஜா அவர்களே, உங்கள் பார்சல் ஏற்றுவதற்குத் தயாராக உள்ளது.’

டேக். இந்தப் பாழாய்ப்போன டேக்தான். மார்பிலிருந்து அதைப் பிய்த்தாள். காகிதம் சுலபமாக வந்துவிட்டது. போன் வெளிச்சத்தில் பார்த்தாள். வெறும் காகிதம். உள்ளே இழை இல்லை.

சட்டைப் பொத்தானைக் கழற்றினாள்.

காறையெலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், செம்பு நிறத்தில் ஒரு சுருள். சதுரத்துக்குள் சதுரமாக. நகத்தால் கீறினாள். வலிக்கவில்லை. ரத்தம் வரவில்லை. நகத்துக்கடியில் பழுப்பாக ஏதோ வந்தது. முகர்ந்தாள்.

அட்டை.

அவள் அலறினாள். அந்த அலறல் அவள் காதுக்கே மூடிய பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

வெளியே லாரி பின்வாங்கும் ஓசை. இரும்புத் திரை பாதி உயர்ந்தது, பனிக்காற்று சீறி உள்ளே வந்தது. டிரைவர் பியோ! தினமும் அவளிடம் சூடான காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, காசுக்குப் பதில் கடி ஜோக் சொல்லிவிட்டுப் போகிறவன். உயிர் வந்ததுபோலிருந்தது இன்ஜாவுக்கு. கிட்டே ஓடலாம் என்றால் கால் எழவில்லை. கால் எங்கே என்றே தெரியவில்லை.

“பியோ! தம்பி! இங்க பாருடா!”

பியோ நேராக அவளிடம்தான் வந்தான். குனிந்து அவள் முகத்துக்கு நேரே முகம் வைத்துப் பார்த்தான். கைக்கருவியை அவள் மார்பில் வைத்தான்.

‘பீப்.’

“அட, நம்ம இன்ஜா அக்காவுக்கா?” என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டான். “எனக்குக் காப்பிய மட்டும் ஊத்திட்டு, அக்கா தனியா விருந்து வரவழைக்குதா? யப்பா, என்னா கனம்! முழு மாட்டையும் அறுத்துப் போட்டுட்டாங்களா?”

கையைத் தூக்கி அவனை அடிக்கப் பார்த்தாள். நாலு பக்கமும் இடித்தது. தலை நிமிர்த்தினாள். மேலேயும் இடித்தது.

குலுங்கல். இருட்டு. குளிர். எவ்வளவு தூரம் என்று தெரியாத சாலை.

பிறகு அவளுக்குத் தெரிந்த ஓசைகள் ஒவ்வொன்றாக வந்தன. அவள் குடியிருப்பின் மின்தூக்கி, மூன்றாம் மாடியில் எப்போதும் போல ஒருமுறை தடுக்கி ஏறியது. அவள் வீட்டு அழைப்பு மணி. கதவு திறந்தது. உள்ளேயிருந்து, அடியில் சூடேற்றிய தரையின் வெதுவெதுப்பான மணம் அட்டைக்குள் கசிந்தது. ஒரு குழந்தை ஏதோ மழலையில் கேட்டது.

“யாருமில்லடா கண்ணு, பார்சல்தான்” என்றாள் சோரா. “போன எடுக்கல, ஆளையும் காணோம். குழந்தை குளிர்ல நடுங்குதேன்னுதான் என் பழைய சாவியப் போட்டுத் திறந்தேன், இல்லன்னா அப்படியே திரும்பியிருப்பேன். பாத்தீங்களா, நான் சொல்லல? எங்கம்மாவுக்கு வழக்கம்போல வேலைதான் பெரிசு.”

“பிரிச்சுப் பாக்கலாமா? கறியா இருந்தா கெட்டுடும்” என்றான் மருமகன்.

பிரி, பிரி, பிரி. இன்ஜா தட்டினாள். இரண்டு கையாலும் தட்டினாள்.

“வேணாம். எங்கம்மா பேர்ல வந்தத எங்கம்மாதான் பிரிக்கணும். அப்புறம் அதுக்கும் ஒரு சண்ட போடும். பால்கனியில வெச்சிடுங்க, அங்கதான் ஜில்லுன்னு இருக்கும்.”

தரையில் இழுபடும் ஓசை. கண்ணாடிக் கதவு வழுக்கித் திறந்தது. வழுக்கி மூடிக்கொண்டது.

குழந்தை மட்டும் திரும்பி வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்ன உள்ளங்கைகள் பதியும் சத்தம். பெட்டிக்குள் தட்டியது அதற்குக் கேட்டுவிட்டது போலிருந்தது. மெல்ல, விளையாட்டாக, கண்ணாடியில் இரண்டு முறை தட்டியது.

இன்ஜா இரண்டு முறை தட்டினாள்.

குழந்தை கலகலவென்று சிரித்தது. சோரா வந்து அதைத் தூக்கிக்கொண்டு, குளிர் வருமென்று திரைச்சீலையை இழுத்து மூடினாள்.