மூன்றாவது கூப்பாடு

இசக்கிப்பாண்டி எழுதிவைத்த கம்ப்யூட்டர் நிரலில் ஒரே ஓர் இடம்தான் முத்துச்செல்விக்கு உறுத்தியது. குற்றால அருவிக்கரையில் மைக்கும் ஸ்பீக்கரும் உண்டு. யாராவது உதவிக்கோ பேர் சொல்லியோ கூப்பிட்டால் ஸ்பீக்கர் பதில் சொல்லும், காவலுக்கு நிற்கும் போலீஸ்காரர்களின் போனுக்குத் தகவல் போகும். ஆனால் முதல் இரண்டு கூப்பாட்டைக் கேளாததுபோல் விட்டுவிட்டு, மூன்றாவதற்குத்தான் பதில்.

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று பொதுவில் விட்ட ஓப்பன் சோர்ஸ் நிரல் அது. போன சாரல் சீசனோடு இசக்கிப்பாண்டி ஆளே காணாமல் போக, கேட்பாரற்றுக் கிடந்தது. அண்ணன் மாரிராஜுக்கு அருவியில் போலீஸ் டூட்டி என்பதால் இவள் ஆசையாக எடுத்துக்கொண்டாள். தண்ணீர் இழுத்துப் போகிறவனுக்கு மூன்று தடவை கூப்பிட நேரமிருக்குமா? எரிச்சலோடு அந்த விதியைத் தூக்கினாள். ஸ்பீக்கரிலிருந்த இசக்கிப்பாண்டியின் குரலை அழித்து, இதோ வருகிறோம் என்பதை ஊர்ப்பேச்சில் தன் குரலில் பதிந்தாள். சோதித்துப் பார்க்க லேப்டாப்பிலும் அதையே ஓடவிட்டு, அருவிக்கரை மைக்கின் சத்தமும் அதில் கேட்கும்படி வைத்தாள்.

கடையத்துக்குப் பஸ் ஏறக் கிளம்பிய அம்மா, அவள் செய்ததைக் கேட்டு நின்று திரும்பினாள். "மூணு தடவ கூப்பிட்டாத்தானட்டி என்னன்னு கேக்கணும். செத்ததுகளுக்கு மூணாவது தடவ கூப்பிட வராது."

செல்வி சிரித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் மலையில் மழை கொட்டியதில் குளிக்கத் தடை போட்டு, கரையில் ஓர் ஆள் விடாமல் விரட்டியிருந்தார்கள். அருவியிலிருந்து சில மைல் தள்ளி, குத்துக்கல்வலசை வீட்டில் கரண்டும் போய், காயாத துணியின் வாடை இருட்டோடு சேர்ந்து அறையை அடைக்க, லேப்டாப்பில் அருவியின் இரைச்சல் மட்டும் ஓயாமல் வந்துகொண்டிருக்க, அவள் இருப்புக்கொள்ளாமல் மேசைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். இரைச்சலுக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் வந்தது.

"மாரிராஜு."

"இன்னா வாறோம்," என்றது அருவிக்கரையில் அவள் குரல்.

உடனே அண்ணன் போனில் வந்தான். "ஏட்டி, யாரோ உள்ள கெடந்து கூப்பிடுதான். போய்ப் பாக்கேன்."

அப்போதுதான் அந்தக் குரல் யாருடையது என்று பிடிபட்டது. அவள் அழித்த குரல்.

"போகாதண்ணே. இன்னும் ரெண்டு தடவ கூப்பிடட்டும்."

போன் கட்டாகியிருந்தது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடியும். இரைச்சல். வெறும் இரைச்சல். அப்புறம் அதுவும் நின்றது.

வாசலில் பூட்ஸ் சத்தம். குற்றாலத்திலிருந்து அதற்குள் வர முடியாது.

"செல்வி."

அண்ணன் குரல்தான். கதவுக்கு அந்தப்புறம். ஒரே ஒரு தடவை.

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மூச்சைக்கூட விடவில்லை.

முதுகுக்குப் பின்னால் லேப்டாப் பேசியது. அவள் குரலில்.

"இன்னா வாறோம்."

உள்தாழ்ப்பாள் தானாக நகர்ந்தது. திறந்த இடைவெளியில் தண்ணீர் வந்தது, மலைமண் வாடையோடு. அதில் மிதந்துவந்த போலீஸ் தொப்பி அவள் காலில் முட்டி நின்றது.