ஒற்றுமைச் சாலைக்கு அடியில்

படுக்கையறைக் கதவு சாத்தினால் நிற்கவில்லை. பிளானோ என்கிற இந்த ஊரில் கதவு தகராறு செய்வது பெரிய விஷயமில்லை. ஆகஸ்ட் மாதம் வந்தால் இங்கே களிமண் வறண்டு சுருங்கும், வீடு ஒரு பக்கமாக இறங்கும், கதவு நிலையில் இடிக்கும். அதற்காகவே வீட்டைச் சுற்றிக் கசிவுக் குழாய் போட்டு, செடிக்கு விடுவதுபோல அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் விடுகிறார்கள். உடுமலைப்பேட்டையிலிருந்து இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்த திருமூர்த்தி, இப்போது தினமும் காலையில் முதல் வேலையாகக் குழாயைத் திறந்துவிடுகிறான். ஆனால் இந்தக் கதவு எங்கேயும் இடிக்கவில்லை. சாத்தினால் சாத்திக்கொண்டது. கையை எடுத்த பிறகு மெல்லத் திறந்தது, கீழ்விளிம்பைத் தரையிலிருந்து யாரோ விரலால் நெம்புவதுபோல.

"ஏனுங்க, அந்தக் கதவ ஒருக்கா பாருங்க. பயமா இருக்குது" என்றாள் மரகதம், ஆபீஸுக்குக் கிளம்புகிற அவசரத்தில்.

"களிமண்ணுதான். அச்சுதன வந்து பாக்கச் சொல்றேன்."

மண்ணின் மேல் பழியைப் போடுவது அவனுக்குக் கைவந்த கலை. மண்ணைப் படிப்பதுதான் அவன் தொழில். சாலையோ பாலமோ போடுவதற்கு முன்னால், ரேடார் பொருத்திய ஒரு தள்ளுவண்டியை நிலத்தின்மேல் ஓட்டி, அடியில் பாறையா பள்ளமா என்று படம் எடுப்பார்கள். அந்தப் படங்களைப் பார்த்து அடியில் இருப்பது இன்னது என்று எழுதிக் கொடுக்கிற கம்பெனியில் அவன் இன்ஜினியர். வீட்டிலிருந்தபடியே வேலை. இந்த ஆறு மாதமாகப் படங்கள் வந்துகொண்டிருந்தது, உள்நாட்டுப் போர் முடிந்து மூன்று வருஷமே ஆன ஒரு நாட்டிலிருந்து.

எந்த நாடு என்று கேட்க வேண்டாம். இந்த விஷயத்தில் எல்லா நாடும் ஒன்றுதான். பக்கத்து வீட்டுக்காரனைப் பக்கத்து வீட்டுக்காரன் வருஷக்கணக்காகக் கொல்வான். ஒருநாள் ஒரு தரப்பு ஜெயிக்கும். ஜெயித்தவர்கள் கொஞ்ச நாள் வெடி வெடிப்பார்கள், அப்புறம் தார் டிரம்மோடு வந்து சாலை போடுவார்கள், அதற்கு 'ஒற்றுமைச் சாலை' என்று பெயரும் வைப்பார்கள். தோற்ற ஊர்களின் நடுவே போகிற அந்தச் சாலையைப் போரின் வெற்றி நாளன்று திறக்க வேண்டும் என்பது அங்கே மேலிடத்து உத்தரவு.

அந்தச் சாலையில் ஒரு பள்ளிக்கூட மைதானம் குறுக்கே வந்தது. அதன் அடியில் பள்ளங்கள் இருந்தன. ஆள் நீளம், ஆள் அகலம், ஒன்றை ஒட்டி ஒன்று, வரிசை வரிசையாக. அவற்றுக்குள் வளைந்த சின்னச் சின்னக் கோடுகள். திருமூர்த்திக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. மைதானத்து ஓரத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், சர்வேக்காரர்களை வேலை செய்ய விடாமல் காணாமல்போன பிள்ளைகளின் போட்டோவைக் காட்டுகிறார்கள் என்று அங்கிருந்து புகார் வேறு வந்திருந்தது. யாருமே காணாமல் போகவில்லை, எல்லோரும் வெளிநாட்டுக்கு ஓடிவிட்டார்கள் என்பது அந்த அரசாங்கத்தின் பதில்.

அடியில் மனிதர்கள் இருக்கலாம் என்று அவன் ஒரு வரி எழுதினால் வேலை நிற்கும், தோண்டுவார்கள், உலகமே வந்து எட்டிப்பார்க்கும். 'பழைய பாசன வாய்க்கால்கள், சிமெண்ட் குழம்பு செலுத்தி நிரப்பிவிடலாம்' என்று எழுதினால் ஒரு வம்பும் இல்லை. அவன் இரண்டாவதை எழுதி வைத்திருந்தான். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்புதல் கொடுத்து அனுப்ப வேண்டும். திருமூர்த்தி கெட்டவன் இல்லை. எறும்பைப் பார்த்தால் ஒதுங்கி நடக்கிறவன். கொடுமை என்னவென்றால், இந்த மாதிரி வேலையெல்லாம் நல்லவர்களை வைத்துத்தான் நடக்கிறது.

அச்சுதன் மறுநாள் மத்தியானம் வந்தார். அஸ்திவாரம் சரி செய்கிற கம்பெனி வைத்திருப்பவர். பிளானோவில் தமிழர் வீடுகளில் பாதி அவர் கைபட்டு நிற்பவை. கூடத்தில் நாலு மூலையிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். திரும்ப ஒருமுறை பார்த்தார். மட்டத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு மூன்றாவது முறையும் பார்த்தார்.

"சார், இந்த வெயில்ல ஊர்ல இருக்கற வீடெல்லாம் கீழ இறங்குது. உங்க வீடு மட்டும் மேல வருது."

"தண்ணி ஜாஸ்தி விட்டுட்டேனோ?"

"தண்ணி விட்டா ஓரம் உப்பும். இது நடுவுல உப்புது. கூடத்துக்கு அடியில." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இருபது வருஷமா இந்த வேலை பண்றேன். இப்படி நான் பாத்ததே இல்ல. கொஞ்ச நாள் குழந்தைய இங்க படுக்க வைக்காதீங்க."

குழந்தை அங்கேதான் படுத்திருந்தாள். ரோஷினிக்கு ஏழு வயது. கோடை விடுமுறை. மரகதம் ஆபீஸ் போன பிறகு இவள் அப்பா பொறுப்பு, அப்பாவுக்கோ தலைக்கு மேல் வேலை. ஏசி ஓட ஓடத் தரை ஓடு ஜில்லென்று இருக்கிறது என்று ஒரு வாரமாகவே கூடத்து நடுவில் ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, ஒரு காதைத் தரையில் ஒட்டிவைத்துப் படுத்துக்கிடந்தாள். டிவி கேட்கவில்லை. ஐபேட் கேட்கவில்லை. அந்த நிம்மதியில் அவனும் ஏன் என்று கேட்கவில்லை.

அச்சுதன் போன பிறகுதான் அவன் வீட்டைக் கவனிக்க ஆரம்பித்தான். வெயிலுக்குப் பயந்து எல்லா ஜன்னலிலும் திரை இழுத்துவிட்டிருந்த அந்தப் பட்டப்பகல் இருட்டில், ஃபிரிட்ஜின் உறுமலுக்கும் ஏசியின் மூச்சுக்கும் கீழே, இத்தனை நாளும் அவன் குழாய்ச் சத்தம் என்று நினைத்திருந்த ஒன்று, சீராக, பொறுமையாக, ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது; கூடவே ஈர மண்ணின் வாசம், அதற்குள் வேறொரு வாசம், கெட்டுப்போன தண்ணீரில் நாட்கணக்கில் ஊறிய துணியின் வாசம். பினாயில் ஊற்றித் துடைத்தான். பினாயில் காய்ந்ததும் அது திரும்பவும் வந்தது.

வியாழக்கிழமை ஆபீஸுக்குப் போய், சும்மா கிடந்த ஒரு ரேடார் வண்டியைக் காரில் போட்டு எடுத்துவந்தான். கூடத்தில் சோபாவை நகர்த்திவிட்டு, புல்வெட்டும் வண்டியைத் தள்ளுவதுபோல மெதுவாகத் தள்ளினான். திரையில் படம் வரிவரியாக வந்தது. ஆள் நீளம். ஆள் அகலம். ஒன்றை ஒட்டி ஒன்று.

அந்த மைதானத்துப் படத்தைத் திறந்து இதன்மேல் வைத்துப் பார்த்தான். ஒரு மயிரிழை விலகவில்லை.

"என்னங்க அது கோடு கோடா?" என்றாள் மரகதம், வீட்டுக்குள் வந்த சூட்டோடு.

"தளத்துக்குள்ள கம்பி போட்டிருப்பாங்கல்ல, அது."

அவள் நம்பினாள். அவன் சொன்னால் நம்புவாள், படித்தவன் ஆயிற்றே.

அன்று சாயங்காலம் ரோஷினியைத் தரையிலிருந்து எழுப்பப் போனான். அவள் கண் திறந்தே இருந்தது. காதை எடுக்காமல், விரலை உதட்டில் வைத்துச் சத்தம் போடாதே என்றாள்.

"யாருகூடக் கண்ணு பேசறே?"

"த பீப்புள் டவுன் தேர்."

"என்ன சொல்றாங்க?"

"தே வான்ட் யூ டு டெல்."

"எதச் சொல்லணுமாம்?"

"தட் தே ஆர் தேர்." இதுகூடத் தெரியாதா என்பதுபோல அவனைப் பார்த்தாள். அப்புறம் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், பள்ளியில் டீச்சர் சொன்னதைத் திருப்பிச் சொல்கிற குரலில், மீதியையும் சொன்னாள். அவன் சொல்லாவிட்டால் அவர்கள் ஒருவரை எடுத்துக்கொள்வார்களாம். அவன் தேடக்கூடிய ஒருவரை.

திருமூர்த்தி அவளை அள்ளித் தூக்கிக்கொண்டான். படுக்கையறைக் கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் அவன் எழுதினான். எழுதினான் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வாய்க்கால் வரியை அழித்துவிட்டு, 'மனித எச்சங்கள் இருப்பதற்கான தெளிவான அறிகுறிகள். பணியை நிறுத்த வேண்டும்' என்று அடித்தான். அடித்து முடித்த கையோடு வீடு அமைதியானது. அந்தச் சத்தம் நின்றது. அடியில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்று அவனுக்குத் தோன்றியது.

போன் அடித்தது. மேலாளர் ரஞ்சித்குமார். அறிக்கையை அவரும் ஆபீஸில் தன் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரு, என்னப்பா இது புதுசா?"

"சார், அந்த பேட்டர்ன்..."

"பேட்டர்ன விடு. அந்த நாடு இப்பதான் மூச்சு விடுது. ரோடு வந்தா ஆஸ்பத்திரி வரும், ஸ்கூல் வரும். செத்தவனுக்காக உயிரோட இருக்கறவன நிறுத்தி வைப்பியா?" "உன் கிரீன் கார்டு பேப்பர் என் டேபிள்லதான் இருக்கு. பழைய வெர்ஷனயே அனுப்பிடு. நான் லைன்லயே இருக்கேன்."

ரோஷினி அவன் அறியாமல் திரும்பவும் கூடத்து நடுவில் வந்து படுத்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவன் லேப்டாப்பை மடியில் எடுத்து, நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான். அழித்தான். வாய்க்காலைத் திரும்ப எழுதினான். அனுப்பினான்.

"குட் மேன்" என்றார் ரஞ்சித்குமார்.

அப்போது கீழே ஒரு சத்தம். கத்தல் இல்லை, அழுகை இல்லை. கெட்டியான ஏதோ ஒன்று குழாயில் கொப்பளித்து இறங்கி, பள்ளத்திலிருந்து பள்ளத்துக்கு வழிந்து, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நிரம்புகிற சத்தம். கட்டட வேலைகளில் ஆயிரம் தடவை கேட்ட சத்தம். அதன் வாசமும் வந்தது. ஈர சிமெண்ட். பிறகு அதுவும் அடங்கியது. படுக்கையறைக் கதவு தானாகச் சாத்திக்கொண்டு, க்ளிக்கென்று நின்றது.

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. உண்மையாகவே அப்படி இருந்தது. நாற்காலியைத் திருப்பினான்.

தரையில் அவள் படுத்திருந்த இடம் மட்டும் இருந்தது.

பாத்ரூம். இல்லை. கராஜ். இல்லை. அலமாரி, கட்டிலடி, வாஷிங் மெஷின். வாசல் கதவு உள்ளே தாழ் போட்டபடி. பின்கதவும் அப்படியே. பேர் சொல்லிக் கத்தினான். தன் குரலைத் தவிர ஒன்றுமில்லை. மரகதத்துக்கு போன் செய்தான். என்ன சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

அவள் வந்தபோது அவன் கூடத்தில் ரேடார் வண்டியோடு நின்றிருந்தான்.

"போலீசக் கூப்பிட்டேன், வந்துட்டிருக்காங்க. இந்த நேரத்துல அத என்னத்துக்குங்க தள்றீங்க? புள்ளையத் தேடுங்க!"

"தேடறேன்" என்றான்.

தள்ளினான். வரிசைகள் இல்லை. ஒரே சாம்பல் நிறம். திடமாக, மட்டமாக, நல்ல வேலை. கூடத்து நடுவுக்கு வந்ததும் திரை துல்லியமானது. ரேடாரில் எலும்பு வெறும் வளைகோடாகத்தான் தெரியும். முகம் தெரியாது. இதில் தெரிந்தது.

ஒருக்களித்த உடம்பு. மடக்கிய முழங்கால்.

திரும்பத் தள்ளினான். இப்போது புரண்டிருந்தாள். ஒரு கை மேலே.

மரகதம் பார்த்துவிட்டாள். அவள் தொண்டையிலிருந்து வந்தது பேச்சில்லை.

மூன்றாவது முறை. மல்லாந்திருந்தாள். இரண்டு கையும் மேலே, விரல்கள் விரிந்து, தளத்தின் அடிப்பக்கத்தில் அழுந்தி. வாய் திறந்து.

நான்காவது முறை. அதே கை. அதே வாய்.

ஐந்தாவது முறை.

அதே.

மரகதம் தரையில் விழுந்து, திரையில் அந்தக் கைகள் தெரிந்த இடத்துக்கு நேராகத் தன் இரண்டு உள்ளங்கைகளையும் ஓட்டின்மேல் பதித்தாள். அழுகை சட்டென்று நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் கண்ணீரும் நம்பிக்கையுமாக இருந்தது.

"ஏனுங்க, வெதுவெதுப்பா இருக்குதுங்க. உசுரோட இருக்கறா. இங்க பாருங்க, சூடு ஏறுது. ஏறிட்டே இருக்குது."

திருமூர்த்தி வண்டியைப் பிடித்தபடியே நின்றான். சிமெண்ட் இறுகும்போது சூடு விடும். அவன் அதை அவளிடம் சொல்லவில்லை.