ஒரு ஓமுக்கு ஒரு வெட்டு

அல்பெர்கேரியா ஒழுங்கைக்குள் மூன்றாம் மாடி. குகனேஸ்வரி வேலைக்குப் போன முதல் நாள் உச்சி வெயில். வீட்டுக்குள் மட்டும் பாசி பிடித்த கிணற்று மணம்.

"இத்தாலியன் விளங்குமா?" வீட்டுக்காரி சிஞ்ஞோரா ஒர்சோலா கேட்டாள்.

"ஓம்."

சிஞ்ஞோரா, நூல் கட்டிய கறுத்த சிறு தடியொன்றில் கத்தியால் ஒரு கோடு வெட்டி, அதை இவளின் கழுத்தில் மாட்டினாள்.

"இங்கே உன் பாஷை வேண்டாம். ஒரு சொல்லுக்கு ஒரு வெட்டு. பத்தானால் வெளியே. இந்தத் தடி என் புருஷன் அயர்லாந்தில் வாங்கியது. அங்குள்ள பிள்ளைகளுக்கு இப்படித்தான் இங்கிலிஷ் ஏற்றினார்கள். கிணற்றை 'டொபர்', தண்ணீரை 'இஷ்கெ' என்று, கிணற்றைச் சுற்றித் தெய்வத்தைக் கூப்பிடும் காட்டுச்சனம்!"

வேலைக் கடிதம் இல்லாமல் பெர்மெஸ்ஸோவை, வதிவிட அனுமதியை, புதுப்பிக்க ஏலாது. குகனேஸ்வரி பல்லைக் கடித்தாள். ஓம் கேட்டுக்கொண்டா வருகிறது? வியாழனுக்குள் ஒன்பது வெட்டு.

"கழற்றி எறி," என்றாள் துணி மினுக்க வரும், தமிழ்ப் பரம்பரை மொரீஷியஸ்காரி மர்லேன், இத்தாலியனில். "பழைய வெட்டுகளைப் பார். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பிள்ளை வாங்கிய அடி."

"உமக்குத் தமிழ் தெரியாதோ?"

"பூட்டனோடு கரும்புத் தோட்டத்துக்குள் போய்விட்டது. காவடிக்கு நாலு சொல் பாடுவேன். அர்த்தம் கேட்காதே."

"ஆர் பறிச்சது?"

"பறிக்கிறவன் பேர் சொல்லிவிட்டா பறிப்பான்?"

வெள்ளி மத்தியானம் குகனேஸ்வரி தனியே நிலம் துடைத்தாள்.

சளக்.

ஈரக் கால்கள். வெறுங்கால்கள். அவளைச் சுற்றின.

வலப்பக்கமாக, கோயில் வீதி சுற்றுவதுபோல.

ஆளில்லை.

காதோரம் ஒரு சிறுமி கிசுகிசுத்தாள். எந்தப் பாஷையோ. ஆனால் கேட்கிறாள், ஏதோ அனுமதி கேட்கிறாள் என்று மட்டும் விளங்கியது.

"ஓம்."

"பத்து!" வாசலில் சிஞ்ஞோரா, கையில் கத்தி. "போ வெளி..."

சொல் முடியவில்லை.

"டொபர்," என்றது சிஞ்ஞோராவின் வாய், சிறுமியின் குரலில். "இஷ்கெ. இஷ்கெ."

கத்தி விழுந்தது. செருப்பு கழன்றது. சிஞ்ஞோரா மேசையைச் சுற்றத் தொடங்கினாள், வலப்பக்கமாக. அவள் கால் பட்ட இடமெல்லாம் நீர். கண்கள் மட்டும் அவளுடையவை, கெஞ்சின.

குகனேஸ்வரிக்குப் பயத்தைவிடக் கோபம் பெரிதாக வந்தது. தடியைக் கழற்றி அடுப்பில் வைத்துக் கொளுத்தினாள்.

"கதை, பிள்ளை. எவ்வளவு காலம் வாயைப் பொத்தினவங்கள்! வடிவாய்க் கதை."

மாலையில் சிஞ்ஞோராவின் மகன் வந்தான். டாக்டரும் வந்து கையை விரித்துவிட்டுப் போனார்.

"அம்மா என்ன சொல்கிறாள்?"

"தெரியாது. தமிழ் இல்லை."

"இந்த நிலையில் அம்மாவோடு நிற்க வேறு யார் வருவார்கள்? நீ நிற்பாயா?"

"வேலைக் கடிதம் தாங்கோ, நிக்கிறன்."

எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

"வாசிச்சுக் காட்டுங்கோ."

அவள் பெயரையும் வேலையையும் இத்தாலியனில் வாசித்தான். மூன்றாம் வரியில் குரல் மெலிந்தது, சிறுமியுடையதாக. சொற்கள் இத்தாலியன் இல்லை.

அவன் அதைக் கவனிக்காமல் கடைசி வரி வரை வாசித்து முடித்து, "சரிதானே?" என்பதுபோல நிமிர்ந்து பார்த்தான்.