பதினான்காம் எலியின் இரண்டாவது இதயம்

காலை எட்டரைக்கு ஆய்வகத்தின் எலிக்கூடத்துக்கு வந்த குராமோச்சி, வழக்கம்போல் செருப்பை மாற்றி முகமூடி கட்டிக்கொண்டு உள்ளே போனான். வெளியே ஜப்பானின் கனசாவா நகரத்து ஓயாத மழை. உள்ளே மரத்தூளும் மூத்திரமும் கலந்த வெதுவெதுப்பான வாடை.

அவன் வேலை சின்னதுதான். ஒரு எலியின் இதயத்தை இன்னொரு எலியின் வயிற்றுக்குள், அதன் சொந்த இதயத்தோடு கூடுதலாக, பொருத்தியிருப்பார்கள். தினமும் அந்த வயிற்றில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். துடித்தால் உடல் ஏற்றுக்கொண்டது, நின்றால் நிராகரித்தது. புது மருந்து கொடுத்த எலிகளுக்குத் துடித்தது. கொடுக்காதவற்றுக்கு எட்டு நாளுக்குள் நின்றுபோனது.

போன மாதத்துப் பதினான்காம் எலியைத் தவிர. மருந்தையே காணாத அதற்குப் பத்தாம் நாளும் ஜம்மென்று துடித்தது. மருந்தின் பெருமையைக் குலைக்க அது ஒன்று போதும். குராமோச்சி விரலை எடுத்துவிட்டு, ‘நின்றுவிட்டது’ என்று எழுதினான். பிறகு அதன் கழுத்தை முறித்தான். தொட்டுப் பார்த்தவன் அவன் ஒருவன்தான், கேட்க நாதியில்லை.

இன்று அவன் திறந்த முதல் கூண்டில் இருந்தது, நேற்றே வயிற்றுத் துடிப்பு நின்ற எலி. விரல் வைத்தான்.

துடித்தது.

நின்றுபோன இன்னொன்றை எடுத்தான். அதுவும் துடித்தது.

“ஓரிகாசா-சான், இதக் கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன்,” என்றான் கூண்டு கழுவும் அம்மாளிடம், கிசுகிசுப்பாக.

அவள் தொட்டாள். “ஒண்ணையும் காணோமே. உங்க மூஞ்சிதான் பேயறஞ்ச மாதிரி இருக்கு.”

எலியை விட்டுவிட்டு, விரலை வெறும் இரும்பு மேசையில் வைத்தான்.

அங்கேயும் துடித்தது.

பத்து மணிக்கு வருடாந்திர அஞ்சலி. ஆய்வில் உயிர்விட்ட எலிகளின் நினைவுக்கல் முன் எல்லோரும் குடையோடு வரிசையில் நின்று, வெள்ளைச் செவ்வந்தி வைத்து நன்றி சொன்னார்கள். குராமோச்சி உதட்டை மட்டும் அசைத்தான். கொன்றதற்குக்கூட அவன் இப்படிக் கூசியதில்லை. துடித்ததைத் துடிக்கவில்லை என்று எழுதியதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

பேராசிரியர் தெராசவா பக்கத்தில் வந்தார்.

“நல்ல சேதிப்பா. வசந்தத்துல நோயாளிங்களுக்கே மருந்தக் குடுத்துப் பாக்கப் போறாங்க. எல்லாம் உன் கை பாத்துச் சொன்ன கணக்குதான்!”

இப்போது சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால், பாவம், யார் யாரோ அந்த மருந்தை நம்பி ஆபரேஷனுக்குப் படுப்பார்கள். குராமோச்சி வாயைத் திறந்தான்.

“ரொம்ப நன்றி, சென்செய்,” என்று குனிந்தான்.

சீ, நானும் ஒரு மனுஷனா என்றிருந்தது. பேராசிரியர் சிரித்தபடி அவன் கையைப் பற்றினார்.

சிரிப்பு அடங்கியது.

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, தன் விரல்நுனியிலும் ஏதோ துடிப்பதுபோல் அதை மற்றக் கையால் அழுத்திப் பார்த்தார்.

“ஏம்ப்பா,” என்றார் தாழ்ந்த குரலில், “அந்தப் பதினாலாம் எலிக்கு... என்னிக்கு நின்னுச்சுன்னு எழுதின?”